பிரேக்கும் ஆக்சிலும் மாற்றிய பழைய பிக்கப்: வீல் உரசினால், ஆடினால், கழன்றால்

முன்னால் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக், பின்னால் வேறு வண்டியின் தடித்த ஆக்சில். பழைய வில்லிஸ், மஹிந்திரா பிக்கப்புகளுக்கு இந்த இரண்டு வேலையும் முடிந்த மறுநாளே வீல் தொல்லை ஆரம்பிக்கும். பழைய வீல் உட்காராது, புது வீல் உரசும், இரண்டும் சரியாக இருந்தால் நட் கழலும். கீழே இருப்பது அறிகுறி வாரியான வழிமுறை. ஒவ்வொன்றிலும் காசில்லாத சோதனை முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

வேண்டியவை: ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, மரக்கட்டைகள், வெர்னியர், நேரான இரும்புப் பட்டி, டார்க் ஸ்பேனர், ஒரு உருண்டை சப்பாத்தி மாவு.

வேலையைச் சமதளத்தில் செய்யவும். இந்த வண்டிகளில் ஹேண்ட்பிரேக் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) பின்புற டிரம்மில்தான் இருக்கும். ஒரு பின் வீலைத் தூக்கியதும் அந்தப் பிடி போய்விடும். தூக்கிய வீல் எதிர்ப்பக்கம் சுழல, தரையில் இருக்கும் வீல் உருளும். ஹேண்ட்பிரேக்கை நம்பி ஜாக்கி போட வேண்டாம், கட்டை வைக்கவும்.

## அறிகுறி 1: வீல் ஹப்பில் உட்காரவில்லை

### ஸ்டட்டே துளைக்குள் போகவில்லை

துளை வட்டம் வேறு. ஹப் என்பது வீல் ஒட்டி உட்காரும் நடுப்பாகம், ஸ்டட் அதில் நீண்டிருக்கும் போல்ட், துளை வட்டம் ஸ்டட் மையங்கள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம். பழைய வில்லிஸ் வகை வண்டிகளில் 5 ஸ்டட், 5.5 இஞ்சு வட்டம், அதாவது 139.7 மி.மீ. 5 ஸ்டட் ஹப்பில் எதிரெதிர் ஸ்டட் கிடையாது, அதனால் குறுக்கே அளக்க முடியாது. பக்கத்துப் பக்கத்து ஸ்டட்டுகளின் மையத்திலிருந்து மையம் வரை அளந்து 1.701-ஆல் பெருக்கவும்.

- 82.1 மி.மீ வந்தால் 139.7
- 79.4 வந்தால் 135
- 74.6 வந்தால் 127
- 67.2 வந்தால் 114.3

139.7-க்கும் 135-க்கும் இடையில் ஸ்டட் அளவில் 2.7 மி.மீதான் வித்தியாசம். டேப்பை வைத்து அளப்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான். வெர்னியரால் இரண்டு ஸ்டட்டின் வெளி விளிம்புகளுக்கு இடையே அளந்து, ஒரு ஸ்டட்டின் விட்டத்தைக் கழித்தால் மையத்துக்கு மையம் கிடைத்துவிடும்.

முன் ஹப்பையும் பின் ஹப்பையும் தனித்தனியாக அளக்க வேண்டும். பின் ஆக்சில் வேறு வண்டியுடையது என்றால் முன்னால் 139.7, பின்னால் வேறு என்று இருக்க வாய்ப்புண்டு. அப்படியிருந்தால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் ஆகாது. மலை ஏறும் வண்டிக்கு இது சின்னக் குறை இல்லை. பதினைந்தாவது வளைவில் பஞ்சர் ஆன பிறகு கண்டுபிடிப்பதைவிட, வீல் வாங்கும் முன் கண்டுபிடிப்பது நல்லது.

சரி செய்ய: ஹப்புக்கு ஏற்ற வீல் வாங்குவது மலிவு. ஹப்பையோ ஆக்சில் ஃபிளாஞ்சையோ வேறு வட்டத்துக்குத் துளையிடுவது டிவைடிங் ஹெட் (வட்டத்தைச் சம பாகமாகப் பிரிக்கும் கருவி) உள்ள லேத் பட்டறை வேலை. கைத்துளைப்பானில் செய்தால் அரை மி.மீ விலகினாலும் வண்டி ஆடும். வீலின் துளையை நீளமாக அரைத்துப் பொருத்துவதும், நடுத்தட்டை வெட்டி வெல்டிங் வைப்பதும் செய்யவே கூடாதவை. "சும்மா ரெண்டு நூல் அரைச்சா போதும்" என்று யார் சொன்னாலும் வீலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

### ஸ்டட் போகிறது, நடுவில் இடிக்கிறது

4 வீல் டிரைவ் முன் ஹப் தடித்து வெளியே நீண்டிருக்கும். ஹப்பின் விட்டத்தையும் வீலின் நடுத்துளையையும் அளக்கவும். வீல் துளை சிறியதாக இருந்தால், இரும்பு வீலை லேத்தில் பெரிதாக்கலாம். அலாய் என்றால் நடுவில் போதிய தடிமன் இருக்கிறதா என்று பட்டறைக்காரர் பார்த்த பிறகே. துளை பெரியதாக இருந்தால் உட்காரும், ஆனால் அறிகுறி 4 வரலாம்.

### உட்கார்ந்தது போல் இருக்கிறது, ஆனால் முகம் ஒட்டவில்லை

மெல்லிய தகட்டை ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே நுழைத்துப் பார்க்கவும். எங்கும் நுழையக் கூடாது. நுழைந்தால் காரணங்கள் இந்த வரிசையில்: துரு, தடித்த பெயிண்ட், டிரம்மைப் பிடிக்கும் சின்ன ஸ்க்ரூவின் தலை, தொழிற்சாலையில் ஸ்டட்டில் மாட்டிய மெல்லிய தகட்டு வளையம். முதல் இரண்டுக்கும் கம்பி பிரஷ் போதும். ஸ்க்ரூ தலையை உள்ளே அமிழ்த்தவும். தகட்டு வளையத்தைக் கழற்றிப் போடவும்.

## அறிகுறி 2: நேராக ஓடும்போதே "கிர்" என்று உரசல்

### வீலைக் கையால் சுற்றினாலும் உரசுகிறது

முதலில் பாலன்ஸ் எடை. ரிம்மின் உள்பக்கம் ஒட்டியதோ கொக்கி மாட்டியதோ காலிப்பரில் (டிஸ்க்கைப் பேட்களால் அழுத்திப் பிடிக்கும் பாகம்) தட்டும். உள்ளே ஒரு இடத்தில் மட்டும் பளபளப்பாகத் தேய்ந்திருந்தால் எடைதான். அதை எடுத்துவிட்டு வேறு இடத்தில் ஒட்டும் எடை போடச் சொல்லுங்கள்.

அது இல்லையென்றால் காலிப்பர் இடைவெளி. காலிப்பரின் முதுகிலும் முகத்திலும் சப்பாத்தி மாவை ஒரு விரல் தடிமனுக்கு ஒட்டி, மூன்று நட்டில் வீலை மாட்டி, ஒரு சுற்று மெதுவாகச் சுற்றிக் கழற்றவும். மாவு மிச்சமிருக்கும் தடிமனை அளக்கவும். 3 மி.மீக்குக் கீழ் என்றால் அந்த வீல் வேண்டாம். 5 மி.மீ இருந்தால் நிம்மதி. எஸ்டேட் சாலையில் சல்லி சிக்கும், வளைவில் ரிம் கொஞ்சம் நெளியும், பேரிங் ஆட்டம் சேரும். எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். இந்தச் சோதனையைப் புது பேட் போட்ட நிலையில் செய்யவும். நழுவும் வகைக் காலிப்பர், பேட் தேயத் தேய உள்பக்கம் நகரும். தேய்ந்த பேடில் தப்பித்த வீல் புது பேடில் இடிக்கும்.

வீல் வாங்கும் முன்பே கணக்குப் போட: ஹப் மையத்திலிருந்து காலிப்பரின் வெளி முனை வரை அளந்து இரட்டிக்கவும். 15 இஞ்சு ரிம்மில் டயர் உட்காரும் இடம் 380 மி.மீ, ஆனால் நடுக்குழியின் உள்விட்டம் சுமார் 340-தான். 16 இஞ்சில் இன்னும் 25 மி.மீ கிடைக்கும். பழைய 16 இஞ்சைக் கைவிட்டு 15-க்கு இறங்க ஆசைப்படுகிறவர்கள் இந்த ஒரு அளவைப் பார்த்துவிட்டு ஆசைப்படலாம்.

வாஷர் போன்ற 5 மி.மீ ஸ்பேசர் போட்டு இடைவெளி உண்டாக்குவது பலர் பிடிக்கும் குறுக்குவழி. ஸ்டட்டில் மரை பிடிக்கும் நீளம் குறையும், வீல் ஹப்பின் நடு விளிம்பிலிருந்து நழுவும். மூட்டை ஏற்றி மலை இறங்கும் வண்டிக்கு அது கூடாது.

### ஆள் ஏறினாலோ மூட்டை ஏற்றினாலோதான் உரசுகிறது

பின் டயரின் உள்பக்கம் கமான்பட்டையிலோ (லீஃப் ஸ்பிரிங்), மேல்பக்கம் மட்கார்டிலோ தடம் பார்க்கவும். தடம் தெரியாவிட்டால் சுண்ணாம்பு தடவி ஒரு நடை ஓட்டவும். உள்ளே உரசினால் பேக்ஸ்பேஸ் (ஹப் ஒட்டும் முகத்திலிருந்து ரிம்மின் உள் விளிம்பு வரையான தூரம்) அதிகம். மேலே உரசினால் டயர் உயரம் அதிகம் அல்லது பட்டை தொய்ந்துவிட்டது.

பேக்ஸ்பேஸ் அளக்க: வீலை முகம் கீழாகத் தரையில் போட்டு, பின் விளிம்பின் குறுக்கே நேர்ப்பட்டி வைத்து, பட்டியிலிருந்து ஹப் ஒட்டும் முகம் வரை ஆழத்தை எடுக்கவும். புது ஆக்சிலால் ஹப் எவ்வளவு வெளியே நகர்ந்ததோ, அவ்வளவு பேக்ஸ்பேஸைக் கூட்டலாம். உள் இடைவெளி பழையபடியே இருக்கும். உதாரணம்: பழைய 4.5 இஞ்சு அகல ரிம் விளிம்புக்கு விளிம்பு சுமார் 140 மி.மீ, 7 இஞ்சு ரிம் சுமார் 203. பேக்ஸ்பேஸை மாற்றாமல் 7 இஞ்சு போட்டால் 63 மி.மீ முழுவதும் வெளியே போகும். ஹப்பும் பக்கத்துக்கு 25 மி.மீ வெளியே வந்திருந்தால் மொத்தம் 88. டயர் மட்கார்டைத் தாண்டும், சேறு கதவெல்லாம் அடிக்கும், பேரிங் மேல் சுமை கூடும். டயர் ரிம்மைவிட அகலம் என்பதையும் மறக்கக் கூடாது: 7 இஞ்சு ரிம்மில் 235 டயர் ஒவ்வொரு பக்கமும் சுமார் 16 மி.மீ பிதுங்கும்.

சுமை எண்ணையும் இங்கேயே பாருங்கள். டயரில் 100 என்றால் ஒரு டயருக்கு 800 கிலோ, 104 என்றால் 900, 109 என்றால் 1030. அலாய் வாங்கினால் ஜே.டபிள்யூ.எல்-டி என்ற லாரி வகை முத்திரை உள்ளதாக வாங்கவும். இருந்தாலும் எஸ்டேட் வண்டிக்கு இரும்பு வீல்தான் நம் பரிந்துரை. வளைந்தால் தெரியும், அலாய் வெடிப்பது தெரியாது. ஒன்று கவனம்: உள் விளிம்பில் டயரைப் பிடிக்கும் மேடு இல்லாத பழைய ரிம்மில் டியூப்லெஸ் ஓட்டக் கூடாது. காற்று குறைந்த டயர் வளைவில் கழன்று வந்துவிடும்.

## அறிகுறி 3: கொண்டை ஊசி வளைவில் மட்டும் உரசல்

அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் ஊருக்குள் ஸ்டீரிங்கை முழுக்க ஒடிக்க வேண்டியதே இல்லை; அதனால் இந்தக் குறை மலையில்தான் முதலில் தெரியும்.

வண்டியை நிறுத்தி, ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்து, டார்ச் அடித்துப் பாருங்கள்.

டயர் கமான்பட்டையில் தொட்டால்: நக்கிளில் (வீலோடு சேர்ந்து திரும்பும் ஆக்சில் முனை) உள்ள ஸ்டாப் போல்ட்டை வெளியே எடுத்து 10 முதல் 15 மி.மீ இடைவெளி வைக்கவும். திரும்பும் வட்டம் கொஞ்சம் பெரிதாகும். ஓரிரு வளைவில் பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டி வரலாம். அது பிடிக்கவில்லை என்றால் பேக்ஸ்பேஸ் குறைந்த வீல். ஸ்டாப் போல்ட்டை எதிர்த்திசையில் உள்ளே விட்டு அதிகமாக ஒடிக்க வைக்கக் கூடாது, ஆக்சில் ஜாயின்ட் உடையும்.

மட்கார்டு விளிம்பில் தொட்டால்: டயர் உயரம் அல்லது வீல் வெளியே வந்த அளவு. 7.00-16 டயர் உயரம் சுமார் 775 மி.மீ, 235/75 ஆர் 15 சுமார் 733. இரண்டுக்கும் நடுவே ஆரத்தில் 21 மி.மீ.

பிரேக் ஹோஸில் தொட்டால்: வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். டிஸ்க் பிரேக் மாற்றும்போது ஹோஸ் வழி மாறியிருக்கும். முன்பக்கத்தைத் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் ஒடித்து, ஹோஸ் இழுபடவும் கூடாது, டயரைத் தொடவும் கூடாது. டேப் சுற்றிக் கட்டிவைப்பது தீர்வில்லை. சரியான நீள ஹோஸும் கிளாம்ப்பும் பிரேக் மெக்கானிக் போட வேண்டும்.

## அறிகுறி 4: 60–70 கி.மீ வேகத்தில் ஸ்டீரிங் ஆட்டம்

நாமக்கல் பக்கம் நெடுஞ்சாலையில் போனால் ஆடுகிறது, ஊருக்குள் இல்லை. இதை உடனே ஸ்டீரிங் பாக்ஸ் என்று எண்ணிச் செலவழிப்பவர்கள் அதிகம்.

1. நட்டுகளைத் தளர்த்தி, வீலைத் தூக்கிய நிலையில் நட்சத்திர வரிசையில் மீண்டும் முறுக்கவும். காசில்லை, பலமுறை இதுவே போதும்.
2. முன் வீலைப் பின்னாலும் பின் வீலை முன்னாலும் மாற்றிப் பார்க்கவும், துளை வட்டம் ஒன்றாக இருந்தால். ஆட்டம் இருக்கைக்குக் கீழ் போனால் குற்றம் வீலில் அல்லது டயரில்.
3. ஸ்டாண்டில் ஒரு கம்பியைக் கட்டி ரிம் விளிம்புக்கு அருகே வைத்து வீலைச் சுற்றவும். கம்பிக்கும் ரிம்முக்கும் இடைவெளி 1.5 மி.மீக்கு மேல் மாறினால் இரும்பு ரிம் கோணல். அலாய்க்கு 1 மி.மீ.
4. ரிம் நேராக இருந்தால் பாலன்சிங். நடுத்துளையை வைத்து மெஷினில் ஏற்றினால் கணக்குத் தப்பும் வீல்களும் உண்டு. நட்டால் மையப்படும் வீலுக்கு ஸ்டட் துளைகளைப் பிடிக்கும் அடாப்டர் உள்ள கடைக்குப் போகவும். சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரி டயர் கடைகளில் கிடைக்கும்.
5. வீல் துளை ஹப்பைவிடப் பெரியதானால், இடைவெளிக்கேற்ற உலோக வளையம் லேத்தில் கடைந்து போடலாம். பிளாஸ்டிக் வளையம் டிஸ்க் சூட்டில் இளகும்.

இத்தனையும் சரியாக இருந்து, ஒரு பள்ளத்தில் இறங்கியதும் ஸ்டீரிங் கையை உதறும் அளவுக்கு ஆடி, வேகம் குறைத்தால்தான் நிற்கிறது என்றால் வீலைத் தாண்டிய விஷயம். டை ராடு முனை, கிங்பின் (முன் வீல் திரும்பும் அச்சு) பேரிங் இறுக்கம், வீல் பேரிங் ஆகியவற்றை அந்த வரிசையில் பார்க்கவும். அதன் பிறகு காஸ்டர் கோணம், அதாவது அந்த அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு. வில்லிஸில் அது 3 டிகிரி. ஆக்சிலைப் பட்டையில் புதிதாக உட்காரவைத்தபோது இது போயிருந்தால், எந்த வீலும் காப்பாற்றாது. சாய்வு ஷிம் போடுவது அலைன்மென்ட் தெரிந்தவர் கையில் விட வேண்டிய வேலை. அதிகம் வெளியே நிற்கும் வீல் இந்த ஆட்டத்தைப் பெரிதாக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

## அறிகுறி 5: நட் தளர்கிறது, ஸ்டட் ஒடிகிறது

### இடது பக்கம் மட்டும்

பழைய வில்லிஸ் ஹப்பில் இடது பக்க ஸ்டட்டுகள் இடது மரை. முனையில் எல் குறி இருக்கும். டிஸ்க் பிரேக்குக்கு மாற்றும் கிட்டின் புது ஹப்பில் எல்லாமே வலது மரையாக இருக்கும். ஒரு ஆக்சிலில் இடது மரை, மறு ஆக்சிலில் வலது மரை என்று கலந்துவிட்டால், பஞ்சர் கடைப் பையன் கழற்றுவதாக நினைத்து முறுக்கி ஸ்டட்டை ஒடிப்பான். நான்கு ஹப்பிலும் வலது மரை ஸ்டட்டுக்கு மாற்றிவிடுவது நல்லது. முடியாவிட்டால் மட்கார்டு உள்ளே பெயிண்டால் எழுதி வையுங்கள்.

### நட் கையாலேயே சுலபமாக ஓடுகிறது

இதுதான் இந்தப் பட்டியலிலேயே ஆபத்தானது. பழைய ஸ்டட் அரை இஞ்சு, இஞ்சுக்கு 20 மரை: விட்டம் 12.7 மி.மீ, மரை இடைவெளி 1.27. புது ஹப்பில் ஸ்டட் எம் 12, இடைவெளி 1.25 ஆக இருந்தால், பழைய நட் அதில் அழகாக ஏறும். லேசாக ஆடும், முறுக்கினால் இறுகுவது போலவும் இருக்கும். உண்மையில் மரையின் நுனி மட்டுமே பிடித்திருக்கும், சுமையில் உரிந்துவிடும். பழைய நட்டைப் புது ஹப் அருகிலேயே வைக்காதீர்கள்.

### நட் முகம் பொருந்தவில்லை

கூம்பு, உருண்டை, தட்டை என மூன்று வகை. வீலின் துளை எந்த வகையோ அதே வகை நட். துளையில் நீல மையைத் தடவி முறுக்கிக் கழற்றினால் சுற்றிலும் முழு வளையமாகத் தடம் விழ வேண்டும். கோடாக விழுந்தால் வகை தப்பு.

### எல்லாம் சரி, ஆனாலும் தளர்கிறது

மரை பிடிக்கும் நீளம் ஸ்டட் விட்டம் அளவாவது வேண்டும். அரை இஞ்சுக்கும் எம் 12 x 1.25-க்கும் சுமார் 10 சுற்று, எம் 12 x 1.5-க்கு 8 சுற்று. அலாய் தடிமன் அதிகம் என்பதால் இங்கே குறையும். நீள ஸ்டட் அழுத்திப் போடுவது பிரஸ் உள்ள பட்டறையில். முறுக்கு விசை: கிட்டின் தாளில் உள்ளது முதல் உரிமை. அது இல்லாவிட்டால் எம் 12-க்கு 95–105 நியூட்டன் மீட்டர், அரை இஞ்சுக்கு 100–115. புது வீல் மாட்டி 50 முதல் 100 கி.மீக்குள் மறுபடி முறுக்கவும். அதன் பிறகும் தளர்ந்தால், அல்லது துளை நீள்வட்டமாகியிருந்தால், அந்த வீல் பழைய இரும்புக்கு. ஒரு ஸ்டட் ஒடிந்திருந்தால் அந்த ஹப்பில் ஐந்தையும் மாற்றவும்.

## அறிகுறி 6: மலை இறங்கியதும் ஒரு வீல் சுடுகிறது, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது

புது வீலைக் குறை சொல்லும் முன் இவற்றைப் பார்க்கவும். இரண்டு பக்க டயர் காற்றும் ஒன்றா? இரண்டு பக்க வீலும் ஒரே பேக்ஸ்பேஸா? ஜோடி சேராத வீல் ஒன்று வெளியே நின்றாலே பிரேக் பிடிக்கும்போது இழுக்கும்.

பிறகு சமதளத்தில் 3 கி.மீ பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி நிறுத்தி, நான்கு ஹப்புக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோகவும், தொட வேண்டாம். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் பிரேக் விடவில்லை.

- பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையிலான தண்டில் 1 முதல் 2 மி.மீ ஆட்டம் இல்லாவிட்டால் முன் இரண்டுமே பிடித்துக்கொள்ளும்.
- டிரம் காலத்து மாஸ்டர் சிலிண்டரில் உள்ள எச்ச அழுத்த வால்வு (பெடலை விட்ட பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்குவது) டிஸ்க்கை விடாது பிடிக்கும். டிரம்முக்கு அது சுமார் 10 பி.எஸ்.ஐ, டிஸ்க்குக்கு 2 போதும்.
- காலிப்பர் இடம் வலம் மாறியிருந்தால் காற்று நீக்கும் நிப்பிள் கீழே வந்துவிடும். உள்ளே காற்று தங்கி ஒரு பக்கம் குறைவாகப் பிடிக்கும். நிப்பிள் எப்போதும் உச்சியில்.

தொப்பூர் இறக்கத்திலும் ஏற்காடு இறக்கத்திலும் பெடல் பஞ்சு போல் அமுங்கினால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. டாட் 3 புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும், டாட் 4 230-இல். ஈரம் ஏறிய பின் 140, 155-க்கு இறங்கிவிடும். வண்டியை நிறுத்தி ஆறவிடுங்கள், கீழே இறங்கியதும் ஆயில் மாற்றுங்கள். மாஸ்டர் சிலிண்டர், வால்வு வேலைகளை வீட்டில் செய்ய வேண்டாம்.

## அறிகுறி 7: 4 வீல் டிரைவ் போட்டால் வண்டி கட்டிப்பிடித்தாற்போல் ஓடுகிறது

ஈர மண்ணில் இந்த வண்டி கொஞ்சம் முறுக்கிக்கொள்வது இயல்பு, தார்ச்சாலையில் 4 வீல் போடவே கூடாது. மண்ணிலும் நேராகப் போகும்போது இறுகினால், முன் டயர் பின் டயர் சுற்றளவை நூல் சுற்றி அளக்கவும். நான்கும் ஒன்றாக இருந்தால், பின் ஆக்சில் விகிதம் (வீல்கள் ஒரு சுற்று சுற்ற, ஆக்சிலுக்கு வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது) முன்னதோடு பொருந்தவில்லை.

எண்ணிப் பார்க்க: முன் வீல்களுக்குக் கட்டை, கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் விட்டுவிட்டு, ஒரு பின் வீலை மட்டும் தூக்கவும். அதை இரண்டு முழுச் சுற்று சுற்றி, ஷாஃப்ட் எத்தனை சுற்று என்று சுண்ணாம்புக் குறி வைத்து எண்ணவும். ஐந்தேகாலுக்குக் கொஞ்சம் மேல் என்றால் 5.38, ஐந்துக்குச் சற்றுக் குறைவென்றால் 4.88. முன்னாலும் அதே போல. இரண்டும் வேறானால் வீல் மாற்றிச் சரிக்கட்ட முயல வேண்டாம். ஒரு ஆக்சிலின் கிரவுன் பினியன் (இந்த விகிதத்தைத் தீர்மானிக்கும் பல்சக்கர ஜோடி) மாற வேண்டும், அது அனுபவப்பட்ட மெக்கானிக்கின் வேலை. அதுவரை 4 வீல் கம்பியைத் தொட வேண்டாம்.

## அறிகுறி 8: ஸ்பீடோமீட்டர் பொய் சொல்கிறது

கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருவதால் டயர், ஆக்சில் விகிதம் இரண்டுமே கணக்கைக் கெடுக்கும். 5.38-ஐ எடுத்து 4.88 போட்டால் முள் 60 காட்டும்போது வண்டி 66. கூடவே 7.00-16 போய் 235/75 ஆர் 15 வந்தால் 5 சதவீதம் இறங்கி சுமார் 62 அல்லது 63. போன் ஜி.பி.எஸ்ஸில் சரிபார்த்து, முள் அருகே ஸ்டிக்கர் ஒட்டினாலே போதும். கியரை மாற்றும் செலவு தேவையில்லை.

ஆர்.சி.யில் உள்ள விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன் கீழ் வருகிறது. மட்கார்டைத் தாண்டி நிற்கும் டயரோடு எஃப்.சி.க்குப் போனால் கேள்வி வரும். ஆக்சில், பிரேக் வேலைக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிட்டு, பிறகு வீலுக்குப் பணம் கொடுங்கள்.